பாஸ்வேர்டு கேட்கும் மானிட்டர்

கூட்டத்தில் மைக்கைக் கையில் வாங்கினால் திருப்பித் தராதவரைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். கல்யாண வீட்டில் போட்டோவுக்கு முன்னால் வந்து நிற்பவரைப் பற்றியும் படித்திருப்பீர்கள். ஆனால் உங்கள் தெருவிலேயே, ஒருவேளை உங்கள் வீட்டு மாடியிலேயே, அமைதியாக உலவிக்கொண்டிருக்கும் ஒரு இனத்தைப் பற்றி இதுவரை யாரும் உங்களை எச்சரிக்கவில்லை. அந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் அதுவாக்கி. அகராதியைப் புரட்டாதீர்கள், அதில் இருக்காது. "எதுக்குங்க புதுசா வாங்கிக்கிட்டு? இதையே அதுவாக்கிடலாமே!" என்று எவர் வாயிலிருந்து ஒரு நாளைக்கு ஒருமுறையாவது வருகிறதோ, அவரே அதுவாக்கி.

உடனே கஞ்சன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கஞ்சனுக்கும் அதுவாக்கிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். கஞ்சனுக்குக் காசு கையை விட்டுப் போகக் கூடாது. அதுவாக்கிக்கு வீட்டில் ஒரு பொருள் சும்மா இருக்கக் கூடாது. ஹோட்டலுக்குப் போனால் பில்லை நம் கையிலிருந்து பிடுங்கிக் கட்டுகிற தாராள மனசுக்காரர்தான் அவர். ஆனால் மூலையில் ஒரு பொருள் வேலைவெட்டி இல்லாமல் நிற்பதைப் பார்த்துவிட்டால் போதும், சோறு இறங்காது. அதற்கு உடனே ஒரு உத்தியோகம் போட்டுக் கொடுத்தாக வேண்டும். எந்த வேலைக்காக அதைச் செய்தார்களோ அந்த வேலையை மட்டும் கொடுக்கமாட்டார்.

எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்கிறீர்களா? என் சகலை அந்த இனம். என் மனைவியின் அக்காவைக் கட்டிக்கொண்டவர். நானும் அவரும் ஒரே வீட்டில் பெண் எடுத்த பாவத்துக்கு, அவர் கூப்பிட்டபோதெல்லாம் போய் நிற்கிறேன்.

அவர் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். ஹெல்மெட்டில் வெங்காயம் இருக்கும். உடைந்த குடையின் எலும்புக்கூட்டில் சாக்ஸ் காயும். உட்காருங்கள் என்று அவர் காட்டுவது பழைய சூட்கேஸ். அதன் மேல் உட்கார்ந்தால் பூட்டு தொடையில் குத்தும், "கொஞ்சம் இடது பக்கமா உக்காருங்க, பழகிடும்" என்பார். சரி, நாற்காலி எங்கே? அது ஏணியாக இருக்கிறது. ஏணி எங்கே? அதைப் படுக்கப் போட்டுப் புத்தக அலமாரியாக்கி வருஷக்கணக்காகிறது. ஸ்க்ரூ டிரைவர் கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசிப்பார். அது ஜன்னலுக்குத் தாழ்ப்பாளாக வேலை பார்க்கிறது. எடுத்தால் ஜன்னல் திறந்துகொண்டு பூனை வந்துவிடும்.

இந்த வீட்டில் ஒரே ஒரு ஆள் மட்டும் தனக்குரிய வேலையையே செய்துகொண்டிருந்தார். அது என் அண்ணி, அதாவது சகலையின் மனைவி. கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது அவர் தொழில். வருஷக்கணக்காக வேறொருவருக்காக வரைந்தார். சுவர், கதவு, படிக்கட்டு எல்லாம் அண்ணி போடுவார், கீழே கையெழுத்தை இன்னொருவர் போடுவார். இப்போதுதான் முதல்முறையாக ஒரு பல் டாக்டரம்மா நேரடியாக அவரைத் தேடி வந்திருந்தார். புதுக் கிளினிக் கட்டப்போகிறார். அடுத்து வந்த திங்கட்கிழமை அண்ணி வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வழியாக வரைபடத்தைக் காட்டி விளக்க வேண்டும். பிடித்துப்போனால் அந்தக் கட்டடம் அண்ணியின் பெயரில் எழும்பும். பிடிக்காவிட்டால் பழையபடி இன்னொருவர் கையெழுத்துக்கு மேலே சுவர் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அவரிடம் இருந்தது ஒரு சின்ன லேப்டாப். அதில் முழுக் கட்டடத்தையும் பார்க்க வேண்டுமானால் எறும்புப் புற்றை எட்டிப் பார்க்கிற மாதிரி குனிய வேண்டும். குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொண்டது. யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தலையைத் திருப்பமாட்டார், உடம்போடு திரும்புவார். ஆகவே ஒரு நாள் சாப்பிடும்போது, ரொம்பப் பணிவாக, ஒரு மானிட்டர் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். லேப்டாப்போடு சேர்த்துக்கொள்ள ஒரு பெரிய திரை. ஒன்றில் பிளான், இன்னொன்றில் அளவும் குறிப்பும்.

"மானிட்டரா?" சகலைக்குக் கண் விரிந்தது. "வீட்டுல அவ்ளோ பெரிய திரையை வச்சுக்கிட்டு மானிட்டரா?"

"அது கம்ப்யூட்டர்ங்க."

"கம்ப்யூட்டருக்கு முன்னாடி என்ன இருக்கு?"

"திரை."

"அதைத்தானே நீ கேட்ட?"

அவர் சொன்னது ஹாலில் இருந்த பெரிய கம்ப்யூட்டரை. தனியாகப் பெட்டி கிடையாது. திரைக்கு முதுகிலேயே மூளையையும் வைத்து மூடிய ஒற்றை உடம்பு. வாங்கிப் பல வருஷம் ஆகி, வேகமெல்லாம் போய், ஒரு படத்தைத் திறக்கச் சொன்னால் நாம் குளித்துவிட்டு வரலாம் என்ற நிலையில் ஓய்வாக இருந்தது. ஆனால் திரை மட்டும் பளிச்சென்று இருந்தது. இத்தனை நாள் அது சகலையின் கண்ணில் படாமல் தப்பித்ததே பெரிய விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குப் போன் வந்தது. "சகலை, சும்மாதானே இருக்கீங்க? வந்து டார்ச் மட்டும் பிடிங்க." கவனியுங்கள், சும்மா இருப்பது பொருளா மனிதனா என்ற பேதமெல்லாம் அதுவாக்கிக்குக் கிடையாது. போனேன். பெரிய கம்ப்யூட்டரைக் குப்புறப் போட்டிருந்தார். அதன் முதுகில் கேபிள் சொருகும் ஓட்டை ஒன்று இருந்தது. லேப்டாப்பிலும் அதே மாதிரி ஓட்டை. கேபிளின் ஒரு முனையை இதில், மறு முனையை அதில் சொருகினார். நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இப்ப வரும் பாருங்க" என்றார்.

வரவில்லை.

கேபிளைப் பிடுங்கி ஊதினார். வேறு கேபிள் போட்டார். பிறகு எனக்குத் தெரிந்து எந்த மனிதனும் செய்யாத ஒன்றைச் செய்தார்: இந்த முனையை அந்தப் பக்கமும் அந்த முனையை இந்தப் பக்கமும் மாற்றிச் சொருகினார். அப்போதும் வரவில்லை. இதற்குள் அண்ணி உள்ளே போய், அந்தக் கம்ப்யூட்டர் செய்தவர்கள் எழுதிவைத்திருந்ததைப் படித்துவிட்டு வந்தார்.

"என்னங்க, ரெண்டு ஓட்டையும் படத்தை வெளிய அனுப்புற ஓட்டைதானாம். எதுவுமே உள்ள வாங்காதாம். ரெண்டும் பேசிக்கிட்டே இருக்கும், கேக்க ஆளில்ல."

நானாக இருந்தால் அதிலேயே அடங்கியிருப்பேன். நீங்களும்தான். ஆனால் சகலை என்ன சொன்னார் தெரியுமா? "அது நாம பழக்குறதுல இருக்கு" என்றார்.

அடுத்து, முதுகைத் திறந்து உள்ளே இருக்கும் கண்ணாடியை மட்டும் தனியாகப் பெயர்த்து எடுத்துவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. அண்ணியின் முகம் வெளுத்துப்போனது. நல்லவேளை, அதற்கு ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால் பூனை வரும். ஜன்னலையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அந்த யோசனையைக் கைவிட்டார்.

இதோடு முடிந்தது என்று நான் டார்ச்சை அணைத்தேன். அதுவாக்கியைப் பற்றி நான் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்: தோற்றுப்போகிற அதுவாக்கியால் யாருக்கும் ஆபத்தில்லை. ஆபத்து, அவர் அரைகுறையாக ஜெயிக்கும்போதுதான். சகலை எங்கெங்கோ தேடி, கேபிளே இல்லாமல், வீட்டு வைஃபை வழியாக லேப்டாப்பின் படத்தைப் பெரிய கம்ப்யூட்டருக்கு அனுப்புகிற ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்து, இரண்டிலும் ஏற்றி, நடுவில் ஒரு தடவை எல்லாவற்றையும் அணைத்துப் போட்டு, வியர்த்து விறுவிறுத்து, மத்தியானச் சாப்பாட்டையும் ஒத்திப்போட்டு உட்கார்ந்திருந்தபோது, பெரிய திரையில் அண்ணியின் பல் கிளினிக் பளிச்சென்று வந்து நின்றது.

சகலை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண்ணில் தண்ணீர். எனக்கே ஒரு கணம் பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

அண்ணி மவுஸை நகர்த்திப் பார்த்தார். அம்புக்குறி நகரவில்லை. பிறகு நகர்ந்தது.

"லேட்டா வருதுங்க."

"வருதா இல்லையா?"

"வருது. ஆனா லேட்டா..."

"உங்க அண்ணன்கூடத்தான் எல்லாத்துக்கும் லேட்டா வர்றாரு. வேண்டாம்னா சொல்றோம்?"

அந்த மானிட்டரின் மற்ற குணாதிசயங்களையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண மானிட்டரை ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், விளக்கு மாதிரி எரியும். இது அப்படியா? எழுப்ப வேண்டும், கொட்டாவி விட்டு முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும், அதன் பிறகு அது நம்மிடம் பாஸ்வேர்டு கேட்கும். நான் பார்த்ததிலேயே பாஸ்வேர்டு கேட்ட ஒரே மானிட்டர் அதுதான். பாஸ்வேர்டு அடிக்க அதற்கென்று ஒரு கீபோர்டு. அதில் ஒரு எழுத்துக்கட்டை எப்போதோ விழுந்து தொலைந்துபோய், அந்த இடத்தில் சகலை ஒரு சட்டைப் பொத்தானை ஒட்டியிருந்தார். இன்னொரு சங்கடமும் இருந்தது. லேப்டாப்பில் அண்ணி எவ்வளவு வேலை செய்தாலும் பெரிய கம்ப்யூட்டர் அதைத் தன் கணக்கில் சேர்ப்பதில்லை. தன்னை யாரும் தொடவில்லை என்று நினைத்துக்கொண்டு சற்று நேரத்தில் தூங்கிவிடும். அதற்கும் வழி கண்டுபிடித்தார். அதன் மவுஸை அவ்வப்போது ஒருவர் லேசாக ஆட்டிக்கொண்டிருந்தால் தூங்காது.

"யாரு ஆட்டுறது?" என்றார் அண்ணி.

"நான்தான். திங்கட்கிழமை லீவு போட்டாச்சு."

பார்த்தீர்களா? கடைசியில் மனுஷன் தன்னையே ஒரு உதிரிபாகம் ஆக்கிக்கொண்டார்.

நான் கிளம்பும்போது அண்ணி வாசல்வரை வந்து, "தம்பி, நாளைக்கு நீங்களும் கொஞ்சம் வந்துடுங்க. அவரைப் பாத்துக்க ஒரு ஆள் வேணும்" என்றார் மெதுவாக. அந்தக் குரலில் பயம் இருந்தது. எனக்கு அவர்மேல் இரக்கமாகிவிட்டது. ஒரு மானிட்டர் கேட்ட குற்றத்துக்கு இரண்டு ஆண்பிள்ளைகளை வைத்து மேய்க்க வேண்டியிருக்கிறதே!

திங்கட்கிழமை. அண்ணி மேஜை முன்னால். பக்கத்தில் சகலை, இஸ்திரி போட்ட சட்டையோடு, பெரிய கம்ப்யூட்டரின் மவுஸ்மேல் கை வைத்துக்கொண்டு, தாளம் போடுகிறவர் மாதிரி லேசாக ஆட்டியபடி. நான் சூட்கேஸ்மேல், இடது பக்கமாக. லேப்டாப்பில் டாக்டரம்மாவின் முகமும் அண்ணியின் குறிப்புகளும். பெரிய திரையில் பிளான்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. அண்ணி பேசப் பேச எனக்கே அந்தக் கிளினிக்கில் ஒரு பல்லைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது. வலியோடு வருகிறவர் எங்கே உட்கார்ந்தால் உள்ளே நடப்பது காதில் விழாது, குழந்தையைக் கூட்டி வருகிறவர் எந்தப் பக்கம் போகலாம், எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். டாக்டரம்மா தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். பிறகு, "எக்ஸ்ரே ரூம் கதவை மட்டும் கொஞ்சம் இடது பக்கம் தள்ளிக் காட்ட முடியுமா?" என்றார்.

அண்ணி கதவைப் பிடித்துத் தள்ளினார். பெரிய திரையில் கதவு அசையவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினார். அசையவில்லை. இன்னும் கொஞ்சம்.

இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். டாக்டரம்மாவுக்குப் படம் நேராக லேப்டாப்பிலிருந்து போகிறது. அவருக்கு எல்லாம் உடனுக்குடன் தெரியும். வைஃபையில் சுற்றி வருவதால் தாமதமாகத் தெரிவது, கதவைத் தள்ளிக்கொண்டிருக்கும் அண்ணிக்கு மட்டும்தான்.

"மேடம், கதவு ரூமை விட்டு வெளிய போகுது."

"இதோ டாக்டர், இன்னும் நகரவே இல்லை..."

"வெயிட்டிங் ஹாலுக்குள்ள வந்துடுச்சு."

"ஒரு நிமிஷம் டாக்டர்."

"ரோட்டுக்குப் போயிடுச்சும்மா!"

அண்ணி பதறிப்போய்க் கதவைத் திருப்பி இழுத்தார். அந்த நேரம் பார்த்து, முதலில் தள்ளிய தள்ளல் பெரிய திரைக்கு வந்துசேர்ந்து கதவு ரோட்டை நோக்கிக் கிளம்பியது. இன்னும் வேகமாக இழுத்தார். டாக்டரம்மாவின் குரல் வந்தது: "இப்ப கதவு டாய்லெட்டுக்குள்ள இருக்கு."

சகலை இதையெல்லாம் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாய் பிளந்தவர் கையை ஆட்ட மறந்துவிட்டார். பெரிய திரை இருண்டது. தனக்கு அங்கே யாரும் இல்லை என்று நினைத்துத் தூங்கிவிட்டது. அவர் பாய்ந்து எழுப்பினார். அது பாஸ்வேர்டு கேட்டது. பதற்றத்தில் குத்திய குத்தில் சட்டைப் பொத்தான் தெறித்து மேஜைக்கு அடியில் உருண்டது. அந்த எழுத்து இல்லாமல் பாஸ்வேர்டு இல்லை. என் சகலை, லீவு போட்டுவிட்டு வந்த மனிதர், மேஜைக்கு அடியில் தவழ ஆரம்பித்தார்.

"சகலை, டார்ச்!" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

நான் எழுந்திருக்கவில்லை. அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உதடு துடித்தது. அழுதுவிடுவாரோ என்று நினைத்தேன். அழவில்லை. பெரிய திரையிலிருந்து திரும்பி உட்கார்ந்தார். அந்தக் கழுத்தோடு, உடம்போடு திரும்பினார். குறிப்புகளை மூடினார். லேப்டாப்பின் சின்னத் திரை முழுக்கப் பிளானை வைத்தார். கதவை டாய்லெட்டிலிருந்து மீட்டு வந்து அது இருக்க வேண்டிய இடத்தில் நிறுத்தினார்.

"மன்னிக்கணும் டாக்டர். கேளுங்க, சொல்றேன்."

டாக்டரம்மா கேட்டார். நாற்காலிக்கும் சுவருக்கும் எவ்வளவு இடம், தண்ணீர்க் குழாய் எந்தச் சுவரில் வருகிறது, கரண்ட் போனால் எந்த அறை முதலில் இருட்டாகும். அண்ணி ஒரு குறிப்பும் பார்க்காமல் ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் மனதில் இருந்திருக்கிறது. இப்படிப்பட்ட ஒருவர் தனக்கென்று கேட்டது ஒரே ஒரு பொருள்.

கடைசியில் டாக்டரம்மா, "கட்டடம் உங்களுக்கு நல்லாத் தெரியுது. ஆனா ஏன் இப்படிக் கஷ்டப்படுறீங்க? உங்ககிட்ட ஒரு மானிட்டர்கூட இல்லையா?" என்றார்.

அண்ணி சொன்னார்: "இல்லைங்க டாக்டர். வீட்டுல எல்லாமே இருக்கு. எனக்குன்னு எதுவும் இல்ல."

மேஜைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்த சத்தம் நின்றது.

டாக்டரம்மா மறுநாள் அண்ணியை நேரில் வரச் சொன்னார். அண்ணி வரைபடத்தைக் காகிதத்தில் அச்சடித்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். கிளினிக் அவருக்கே கிடைத்தது. கிடைத்த கையோடு மானிட்டர் வாங்கினாரா? வீட்டுக்கு வாங்கவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன அறையை வாடகைக்குப் பிடித்து, ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு மானிட்டர் வாங்கிப் போட்டுக்கொண்டு, தினமும் காலையில் அங்கே போய்விடுகிறார். வெளியே அவர் பெயர் எழுதிய பலகை தொங்குகிறது.

போன வாரம் சகலை என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். மேஜை மேஜையாக இருந்தது. நாற்காலி உட்கார்வதற்காக இருந்தது. அவருக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. கண் மெல்ல மெல்ல நகர்ந்து மானிட்டரில் போய் நின்றது.

"ஏம்மா, சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறம் இது சும்மாதானே இருக்கும்? இதையே ஒரு டி.வி..."

அண்ணி திரும்பிப் பார்த்தார். கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தார். சகலை இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். திரும்பி நடந்து தெருமுக்குக்கு வந்ததும், "அவ அங்க நல்லா சிரிச்சுப் பேசுறா, இல்ல சகலை?" என்றார். அவருக்காகவும் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. அந்த வீட்டில் சும்மா கிடந்த ஒவ்வொன்றையும் கவனித்தவர், சும்மா இல்லாமல் உழைத்துக்கொண்டிருந்த ஒருத்தியை மட்டும் கவனிக்கத் தவறிவிட்டார்.

நல்லவேளை, நாம் அப்படி இல்லை என்று நிம்மதியாகப் பக்கத்தை மூடப் போகிறீர்கள். மூடுங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி, எனக்குச் சொல்ல வேண்டாம், உங்களுக்குள்ளேயே சொல்லிக்கொண்டால் போதும். அண்ணி கதவைத் துரத்திக்கொண்டிருந்தபோது, அவர் உதடு துடித்தபோது, உங்கள் மனசு எங்கே இருந்தது? "அட, வைஃபையை விட்டுட்டு நேரா ஒரு நெட்வொர்க் ஒயரைப் போட்டிருந்தா தாமதமே இருக்காதே", "படத்தை உள்ள வாங்குறதுக்குன்னே தனியா ஒரு சின்னக் கருவி விக்குதே, அதைச் சொருகியிருந்தா அந்தப் பழசையே ஜம்முனு மானிட்டர் ஆக்கியிருக்கலாமே" என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டதா?

கேட்டதென்றால், உங்கள் வீட்டில் உங்களிடம் எதையோ கேட்டுவிட்டு, பதில் வராமல், கேட்பதையே நிறுத்திவிட்டவர் ஒருவர் இருப்பார். போய், அது என்னவென்று இன்னொரு தடவை கேளுங்கள். கேட்ட பிறகு, தயவுசெய்து, வீட்டுக்குள் தேடாதீர்கள். கடைக்குப் போங்கள்.